ஒரே ஊர் கபடி, ரெண்டு யுனிவர்சிட்டி

1/ போன வாரம் ஓபில சுத்துக்கேணி பையன் ஒருத்தன், காலேஜ் கபடி டீமுக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்டு வந்தான். கூட அவன் மாமா பையன். அவனும் கபடிதான், ஆனா விழுப்புரத்துல படிக்கிறான். "ரெண்டு பேரும் ஒரே டோர்னமென்ட்டா?"ன்னு கேட்டேன். "இல்ல சார், அவன் வேற யுனிவர்சிட்டி." ரெண்டு வீட்டுக்கும் சைக்கிள் தூரம்தான், நடுவுல மாநில எல்லை. இதுக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு, பொறுமையா படிங்க.

2/ அமெரிக்காவுல கல்லூரிகளே கூடிப் பேசி, யாரோட விளையாடணும்னு முடிவு பண்ணிக் கூட்டமைப்பு வச்சுக்கும். 'பிக் டென்' 1896-ல ஆரம்பிச்சது அப்படித்தான். நம்ம ஊர்ல அந்த உரிமை கல்லூரிக்குக் கிடையாது. எந்தப் பல்கலைக்கழகத்தோட இணைப்போ, அதுதான் உங்க லீக்.

3/ மெட்ராஸ் பல்கலைக்கழகம் 1857-ல வந்தது. ஒரு காலத்துல தென்னிந்தியாவே கிட்டத்தட்ட அதுக்குள்ளதான். அப்புறம் மைசூர் (1916), ஆந்திரா (1926), திருவிதாங்கூர் (1937)னு ஒவ்வொண்ணா தனிக்குடித்தனம் போச்சு. பிரெஞ்சுக்காரங்க போனதும் புதுச்சேரி புதுசா உள்ள வந்துச்சு. 1961-ல ஆரம்பிச்ச தாகூர் கலைக் கல்லூரி மெட்ராஸ் இணைப்புதான்.

4/ அப்போ மெட்ராஸ் துணைவேந்தர் எங்க ஆளு! மகப்பேறு மருத்துவர் டாக்டர் ஏ.எல். முதலியார். 1942-லேர்ந்து 1969 வரை 27 வருஷம் அந்த நாற்காலில இருந்தார். மெட்ராஸ் கல்லூரிகளோட தடகளப் போட்டி இன்னிக்கும் அவர் பேர்லதான் நடக்குது. ஒரு டாக்டர் பேர்ல ஓட்டப்பந்தயம். எனக்குப் பெருமையா இருக்கும், நானே ஓடி வருஷமாச்சுங்கிறது வேற விஷயம்.

5/ ஆனா நம்ம கிராமத்துப் பையனுக்கு அது சுலபமான லீக் இல்ல. யுனிவர்சிட்டி டீம்ல இடம் வேணும்னா லயோலா, பச்சையப்பன், கிறித்தவக் கல்லூரிப் பசங்களத் தாண்டணும். மைதானம், கோச் எல்லாம் மெட்ராஸ்ல.

6/ 1985-ல நாடாளுமன்றச் சட்டத்தால புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வந்துச்சு. லீக் சின்னதாச்சு, வரைபடம் விசித்திரமாச்சு. காரைக்கால் பரவாயில்ல. மாஹே கேரளக் கரையில, ஏனாம் ஆந்திராவுக்குள்ள. இது போதாதுன்னு அந்தமானும் சேர்ந்துச்சு. போர்ட் பிளேர் கல்லூரி அதுக்கு முன்னாடி சண்டிகர்ல இருக்கிற பஞ்சாப் பல்கலைக்கழகத்தோட இணைப்பு! ஒரு மேட்சுக்குக் கடல் தாண்டி வரணும். வரைபடம் அதோட நிக்கல. 2008-ல ஜிப்மர் தனி அந்தஸ்து வாங்கி வெளிய போச்சு. (கபடிக்கு நஷ்டம் இல்லன்னு என் ஜிப்மர் நண்பர்களே ஒத்துப்பாங்க.)

7/ இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். மத்திய அரசு வேலைல விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 'படிவம் 3'னு ஒண்ணு இருக்கு. கல்லூரிகளுக்குள்ள நடக்கிற போட்டில ஜெயிச்சா அது கிடைக்காது. பல்கலைக்கழக டீம்ல, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டில ஆடியிருக்கணும். சின்ன லீக்ல அந்த டீமுக்குள்ள நுழையறது கொஞ்சம் சுலபம். தரம் குறையும்னு சிலர் சொல்வாங்க. நான் அந்தக் கட்சி இல்ல. முதல் படியே எட்டாத உயரத்துல இருந்தா பையன் ஏறிப் பாக்கவே மாட்டான்.

8/ எல்லைக்கு அந்தப் பக்கம் வேற கதை. விழுப்புரம் அரசுக் கல்லூரி மெட்ராஸ்ல இருந்து 2002-க்கு அப்புறம் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு, இப்போ அண்ணாமலை. கட்டடம் நகரல, எதிராளிதான் மாறிக்கிட்டே இருக்கான்.

9/ 1980-ல படிச்சிருந்தா இந்த ரெண்டு பேரும் ஒரே மெட்ராஸ் டீமுக்கு முயற்சி பண்ணியிருப்பாங்க. இப்போ சந்திக்கணும்னா தென்மண்டலப் போட்டில, எதிரெதிரா.

10/ நம்மாளுக்கு ஒரு தோள்பட்டை பழைய அடி. கைய முழுசாத் தூக்க வச்சு, எதிர்த்துத் தள்ள வச்சுப் பாத்தேன். வலி இல்ல. கையெழுத்துப் போட்டேன். "காணும் பொங்கலுக்கு ஊர் டீம்ல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சார் ஆடுவோம்"னு மாமா பையன் சொன்னான். "இவன் ரைடு, நான் கார்னர்."