பெரியவர்களை விசாரித்த நீதிமன்றம்

யானுஷ் கோர்ச்சாக் என்கிற பெயர் உலகத்துக்கு அவருடைய சாவின் வழியாகத்தான் தெரியும். 1942 ஆகஸ்டு முதல் வாரத்தில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவிலிருந்து ஏறத்தாழ இருநூறு அநாதைக் குழந்தைகளோடு திரெப்லிங்கா கொலை முகாமுக்குப் போன ரயிலில் ஏறியவர். தப்பிக்க வாய்ப்பிருந்தும் பிள்ளைகளை விட்டுப் போக மறுத்தவர். நினைவுச் சின்னங்கள், தபால்தலைகள், 1990ல் ஆந்த்ரே வைதா எடுத்த படம் என்று எல்லாமே அந்தக் கடைசிப் பயணத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இந்தச் சாவு அவரை ஒரு புனிதத் தந்தையாக்கிவிட்டது. ஆனால் சாவுக்கு முந்தைய முப்பது வருஷம் அவர் செய்து பார்த்த காரியம் இந்தப் பிம்பத்துக்கு நேர் எதிரானது. தந்தை என்கிற இடத்தையே அவர் குழந்தைகளின் விசாரணைக்கு உட்படுத்தினார்.

இதை இப்போது பேச வேண்டிய தேவை இருக்கிறது. ‘குழந்தையை நம்புங்கள், அதன் போக்கில் விடுங்கள், பள்ளிக்கூடமே வேண்டாம்’ என்கிற குரல் நம் நகரத்து வீடுகளிலும் கேட்கிறது. நல்ல குரல்தான். ஆனால் நம்புவது என்பது ஒரு மனநிலையா, இல்லை ஒரு ஏற்பாடா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் நம்பிக்கை என்பது பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் போடுகிற பிச்சையாக முடிந்துபோகும்.

கோர்ச்சாக்கின் இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். வார்சாவின் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். குழந்தை மருத்துவர், எழுத்தாளர். 1912ல் வார்சாவின் க்ரோஹ்மால்னா தெரு 92ஆம் எண் கட்டடத்தில் யூத அநாதைக் குழந்தைகளுக்கான இல்லம் அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. ஸ்தெஃபானியா வில்ச்சின்ஸ்கா என்கிற பெண்மணி அதை அன்றாடம் தூக்கிச் சுமந்தவர். 1942ல் அதே ரயிலில் ஏறியவர். சரித்திரம் அவரை வழக்கம்போல அடிக்குறிப்பில் வைத்துவிட்டது.

இல்லத்தில் குழந்தைகளின் நீதிமன்றம் ஒன்று இருந்தது. அது நடந்த விதத்தை 1919-20ல் வெளியான ‘குழந்தையை எப்படி நேசிப்பது’ என்கிற நூலில் அவரே விவரிக்கிறார். யார் மேலாவது புகார் இருந்தால் பலகையில் தன் பெயரையும் எதிராளியின் பெயரையும் எழுதிவிட வேண்டும். அந்த வாரம் தன்மேல் வழக்கில்லாத பிள்ளைகளிலிருந்து குலுக்கல் முறையில் ஐந்து பேர் நீதிபதிகள். ஆசிரியர் வெறும் எழுத்தர். வாக்குமூலங்களைக் குறித்துவைப்பார், படித்துக் காட்டுவார். ஓட்டு கிடையாது.

சட்டத்தொகுப்பு இன்னும் சுவாரசியமானது. பிரிவு 1லிருந்து 99வரை எல்லாமே வழக்கைக் கைவிடுவதற்கோ மன்னிப்பதற்கோ ஆனவை. தெரியாமல் செய்தான், வருத்தப்படுகிறான், இனிச் செய்யமாட்டான் என்று மன்னிப்பதற்கு அத்தனை வாசல்கள். அதற்குப் பிறகு நூறு நூறாகத் தாவி ஆயிரம்வரை போகும். ஆயிரம் என்றால் இல்லத்தைவிட்டு வெளியேற்றம். அடியோ பட்டினியோ தண்டனையாக எங்கேயும் இல்லை. தவறு நடந்தது என்று சொல்வது, பத்திரிகையில் போடுவது, வீட்டுக்குத் தெரிவிப்பது, அவ்வளவுதான்.

ஆறு மாத காலத்தில் ஐந்து முறை கோர்ச்சாக் தன்னையே இந்த நீதிமன்றத்தில் நிறுத்திக்கொண்டார். ஒரு பையனைக் காதில் அறைந்ததற்கு, ஒருத்தனைப் படுக்கையறையிலிருந்து வெளியே தள்ளியதற்கு, ஒருவனை மூலையில் நிற்கவைத்ததற்கு, ஒரு நீதிபதியை அவமதித்ததற்கு, ஒரு சிறுமியைத் திருடி என்று சந்தேகித்ததற்கு. ஐந்திலும் கிடைத்தவை நூறுக்குக் கீழ்ப்பட்ட பிரிவுகள்தான். ஆனாலும் தன்னைப் புதுவகை ஆசிரியனாக்கியவை இந்த வழக்குகளே என்கிறார். குழந்தைகள்மேல் பிரியம் இருக்கிறது என்பதற்காக அவர்களை நோகடிக்காமல் இருப்பவன் அல்ல அந்த ஆசிரியன். தன் அடாவடியிலிருந்து அவர்களைக் காப்பாற்ற ஓர் அமைப்பு இருக்கிறது என்பதால் நோகடிக்க முடியாதவன்.

இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக்கூடாது. நம் பெற்றோர்களிடம் பிரியத்துக்குப் பஞ்சமே கிடையாது. ‘ஒன் நல்லதுக்குத்தாண்டா அடிக்கிறேன்’ என்பதும் பிரியத்தின் மொழிதான். பிரியத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சட்டத்தை அப்படி வாங்கிக்கொள்ள முடியாது.

ஒரு ஆட்சேபணை உடனே எழும். 1972ல் பிரெஞ்சு மாவோயிஸ்டுகளோடு நடத்திய உரையாடலில் ஃபூக்கோ, நீதிமன்றம் என்கிற வடிவமே அரசின் வடிவம் என்று வாதிட்டார். மேசை, அதற்குப் பின்னால் நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் மூன்றாம் ஆள், எதிரெதிரே இரண்டு தரப்பு. மக்கள் நீதியை இந்த ஏற்பாட்டுக்குள் அடைத்தால் அது கெட்டுப்போகும் என்பது அவர் வாதம். அப்படியானால் கோர்ச்சாக் குழந்தைகளின் படுக்கையறைக்குள் அரசைக் கொண்டுவந்தாரா? ஓரளவுக்கு ஆம். புதிதாக வரும் பிள்ளையைப் பற்றி மற்றவர்கள் பிடிக்கும், பிடிக்காது, ஒன்றுமில்லை என்று ஓட்டுப் போடும் வழக்கமும் அங்கே இருந்தது. ஓட்டு குறைந்த பிள்ளையின் நிலையை யோசித்தால் மனசு கூசத்தான் செய்கிறது. நீதிமன்றமும் ஒரு கட்டத்தில் கேலிக்கூத்தாகி அவரே சில வாரம் நிறுத்திவைத்தார். பிறகு விதிகளைத் திருத்தி மறுபடி நடத்தினார். ஆனால் ஃபூக்கோ சொல்லும் மேசையில் அதிகாரம் உள்ளவன் நீதிபதியாக உட்காருவான். இங்கே அவன் எழுத்தன், சமயத்தில் குற்றவாளி. வடிவம் அரசுடையதுதான், உட்காரும் இடங்கள் மாறிப்போயிருக்கின்றன.

குழந்தையின் முடிவெல்லாம் சரியாகவே இருக்கும் என்று கோர்ச்சாக் நம்பவில்லை. 1920களின் தொடக்கத்தில் வந்த அவருடைய ‘மன்னன் மாச்சியுஷ்’ நாவலில் குழந்தைகளின் பாராளுமன்றம் பெரியவர்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவர்கள் வேலைகளைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறது. ரயில்கள் மோதுகின்றன, நாடு சீரழிகிறது, குட்டி ராஜா நாடுகடத்தப்படுகிறான். தப்பாகவும் முடிவெடுக்கும் மனிதராகக் குழந்தையை மதிப்பதுதான் அவர் சொல்லும் மரியாதை. பெரியவர்கள் மட்டும் தப்பு செய்யாமலா உலகப்போரை நடத்தினார்கள்?

சட்டத்தை விட்டுவிட்டுப் பிரியத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு இருக்கிறது. ஜான் ஹோல்ட் வகுப்பறையில் பாடம் நடத்தியவர். 1964ல் ‘குழந்தைகள் எப்படித் தோற்கிறார்கள்’ எழுதினார். 1974ல் வந்த ‘குழந்தைப் பருவத்திலிருந்து தப்பித்தல்’ நூலில் ஓட்டுரிமை, வேலை செய்யும் உரிமை, தன் பாதுகாவலரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லாவற்றையும் குழந்தைகளுக்குக் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. 1977ல் ‘பள்ளியில்லாமல் வளர்தல்’ என்கிற பத்திரிகையைத் தொடங்கி, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுமாறு பெற்றோர்களிடம் பேசினார். அன்ஸ்கூலிங் என்கிற சொல்லும் அவருடையதுதான். உரிமையைக் குழந்தையின் பெயரில் கேட்டவர் கடைசியில் அதைப் பெற்றோரின் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் 1985ல் இறந்தார். அதற்குள்ளாகவே வீட்டுக்கல்வி இயக்கத்தின் பெரும்பகுதி பழைமைவாதக் கிறிஸ்தவப் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. குழந்தையை நம்பு என்கிற முழக்கம் பெற்றோரை நம்பு என்று மாறியது.

அமெரிக்க உச்சநீதிமன்றம் 1972ல் அளித்த யோடர் தீர்ப்பில் இந்த நழுவலை முன்கூட்டியே பார்க்கலாம். ஆமிஷ் மதப்பிரிவினர் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். விஸ்கான்சின் மாநிலம் வழக்குப் போட்டது. பெற்றோர் ஜெயித்தார்கள். நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டு, பிள்ளைகளைக் கேட்டீர்களா என்று கேட்டார். மூன்று குடும்பங்களில் ஒரே ஒரு சிறுமிதான் சாட்சி சொல்லியிருந்தாள். அரசுக்கும் அப்பனுக்கும் நடக்கிற சண்டையில் பிள்ளை வெறும் வழக்குச் சொத்து.

நமக்கு இது அந்நியமான கதை இல்லை. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரப் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்றது. எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். 1954ல் காமராஜர் வந்ததும் அது போயிற்று. பள்ளிக்கூடத்தைவிட வீடு நன்றாகக் கற்றுக்கொடுக்கும் என்கிற பேச்சுக்கு இங்கே சாதியின் வாடை உண்டு. அப்பன் தொழிலிலிருந்து தப்பிக்கப் பள்ளிக்கூடம் ஒரு கதவாக இருக்கிற பிள்ளைக்கு ‘பள்ளி வேண்டாம்’ என்பது விடுதலை முழக்கமாகக் கேட்காது. அந்தப் பிள்ளையைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும், அதன் சார்பில் நாமே சொல்லிவிடக்கூடாது.

1924ல் ஜெனிவாவில் குழந்தை உரிமைப் பிரகடனம் வந்தபோது, உரிமைகளையும் கடமைகளையும் குழப்பிவிட்டார்கள், கோரிக்கையாக ஒலிக்க வேண்டியது வேண்டுகோளாக ஒலிக்கிறது என்று கோர்ச்சாக் 1929ல் எழுதினார். 1978ல் அவருடைய போலந்துதான் ஐ.நா.வில் புதிய உடன்படிக்கையை முன்மொழிந்தது. 1989ல் நிறைவேறியது, 1992ல் இந்தியா ஒப்புக்கொண்டது. அதன் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தர வேண்டும் என்கிறது. முதிர்ச்சியை அளக்கிற கோல் யார் கையில் என்பதை அது சொல்லவில்லை. நம்மிடம்தான் இருக்கிறது.

தோழர்களின் வீடுகளிலும் இதுதான் நிலை. பிள்ளைக்குச் சாதி மறுத்துப் பெயர் வைக்கிறோம், ஊர்வலத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறோம். ‘எங்க வீட்டுல முழு சுதந்திரம்’ என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம், பிள்ளை சொல்வதில்லை. அதை எப்படிச் சோதிப்பது? க்ரோஹ்மால்னா தெருவில் ஒரு பலகை தொங்கியது. காதில் அறைந்தவர் யாராக இருந்தாலும் அவர் பெயரை அதில் எழுத முடிந்தது. நம் வீட்டில் நம் பெயரை எழுத ஒரு பிள்ளைக்கு எந்தச் சுவர் இருக்கிறது?