பெயருக்குள் ஓர் அடுப்பு

பிராய்லர் கோழி என்கிறோம். பசாரில் கேட்டு வாங்குகிறோம். கொஞ்சம் படியேறி மூச்சு வாங்கினால் 'பிராய்லர் கோழி மாதிரி வளர்ந்திருக்கான் பாரு' என்று பெரியவர்களிடம் பேச்சும் கேட்கிறோம். ஆனால் அந்தப் பிராய்லர் என்பது என்ன? அது கோழியினத்தின் பெயர் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. அது ஓர் அடுப்பின் பெயர்.

வீட்டில் அவன் இருந்தால் அதன் குமிழைப் பாருங்கள். கட்டத்தின் மேல் விளிம்பில் மட்டும் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்ட குறி இருக்கும். அதில் திருப்பினால் கூரையில் இருக்கும் கம்பி மட்டும் சிவக்கும். நாம் அதைக் கிரில் என்கிறோம், பிரிட்டிஷ்காரன் அப்படிச் சொன்னதால். அமெரிக்காவில் அதற்குப் பெயர் பிராய்லர். பிராயில் என்ற வினைச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே சாஸர் தன் கேன்டர்பரி கதைகளில் வரும் சமையல்காரனின் கைவேலைகளில் அதையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். பிற்பாடு இங்கிலாந்தில் கிரில் என்ற சொல் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனவர்கள் பழைய சொல்லை விடவில்லை. அதனால்தான் நம் ஊருக்கு அந்தச் சொல் சமையலறை வழியாக வரவில்லை. கோழி முதுகில் ஏறி வந்தது. வந்தபோது அடுப்பை அங்கேயே விட்டுவிட்டது.

முதலில் இந்தச் சூடு மேலிருந்து வந்ததும் இல்லை. தணலுக்கு மேல் இரும்புக் கம்பிச் சட்டம், அதன் மேல் இறைச்சி. நம் சாத்தே மாதிரிதான். மேலிருந்து சூடு வேண்டுமென்றால் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி உணவுக்கு மேலே பிடிப்பார்கள். 1691இல் மாஸியாலோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய சமையல் புத்தகத்தில், பாலும் முட்டையும் கலந்த இனிப்பின் மேல் சர்க்கரையைத் தூவி, பழுக்கக் காய்ச்சிய நெருப்புக் கரண்டியால் கருக்கச் சொல்கிறார். இன்றைக்கு மால் கஃபேக்களில் 20 வெள்ளிக்கு விற்கும் க்ரெம் ப்ரூலேயின் மூத்த வடிவம். 1747இல் ஹன்னா கிளாஸ் ரொட்டியின் மேல் வைத்த பாலாடைக்கட்டியைச் சிவக்கவைக்கச் சூடான இரும்பைத்தான் சொல்கிறார். எரிவாயு அடுப்பும் மின் அடுப்பும் வந்தபிறகு அந்த இரும்பு அடுப்பின் கூரையில் நிரந்தரமாகக் குடியேறியது. அதில் ஒரு வசதி. கொழுப்பு உருகினால் நெருப்பில் விழுந்து புகையாது, கீழே தட்டில் விழும்.

இங்கே கொஞ்சம் என் படிப்பைக் காட்டிக்கொள்கிறேன். பொரிப்பதிலும் அவிப்பதிலும் சூட்டை எண்ணெயோ தண்ணீரோ சுமந்து வந்து கொடுக்கிறது. கிரில்லில் சுமப்பதற்கு ஆளே இல்லை. சிவந்த கம்பியிலிருந்து சூடு அகச்சிவப்புக் கதிராகப் பாய்கிறது. 1879இல் ஸ்டெஃபான் சொன்ன விதிப்படி, அந்தக் கதிரின் சக்தி கெல்வின் கணக்கிலான வெப்பநிலையின் நான்காவது அடுக்கோடு ஏறும். கம்பி 250 டிகிரி செல்சியஸிலிருந்து 500க்குப் போனால் கதிர் இரண்டு மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட 5 மடங்கு ஆகிவிடும். அதனால் மேல்தோல் சில நிமிடங்களில் சிவந்துவிடுகிறது. ஆனால் உள்ளே போகிற சூடு சதை வழியாகத்தான் நடந்து போகவேண்டும், சதையோ சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. மேலே ஓட்டம், உள்ளே நடை. இந்த இரண்டும் ஒத்துப்போகிற பொருள்தான் கிரில்லுக்கு ஆகும். மெல்லியதாக இருக்கவேண்டும், இளசாக இருக்கவேண்டும், கொஞ்சம் கொழுப்பும் இருந்தால் நல்லது. வயிறு கீறிய கானாங்கெளுத்தி, திருக்கைத் துண்டு, இரண்டாகப் பிளந்து எண்ணெய் தடவிய கத்தரிக்காய், கோழி இறக்கை. சோயாவும் சீனியும் பூசினால் மட்டும் பக்கத்திலேயே நிற்கவேண்டும், கண் அசந்தால் கரி.

வயசான கோழி இந்த அடுப்புக்கு ஆகவே ஆகாது. கோழிக்கு வயசு ஏற ஏற அதன் சதையைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும். அவை கரைய ஈரமும் நேரமும் வேண்டும். கிரில்லில் இரண்டுமே இல்லை. அதனால் அமெரிக்கக் கோழிக் கடைக்காரர்கள் கோழியை வயசை வைத்துப் பிரித்தார்கள். கிழட்டுக் கோழி கொதிக்கவைக்க, பெரிய கோழி ரோஸ்ட்டுக்கு, ஒரு கிலோகூட வராத குஞ்சுப் பருவத்துக் கோழி பிராய்லருக்கு. இரண்டாகப் பிளந்து கம்பிக்கு அடியில் வைத்தால் வெந்துவிடும். வசந்த காலத்தில் பொரிக்கும் குஞ்சுகள் என்பதால் அது பருவத்துச் சரக்கு. பணக்கார மேசைக்குப் போனது.

அதை மாற்றியவர் ஒரு குடும்பப் பெண். டெலவேர் மாநிலத்து ஓஷன் வியூவில் இருந்த செசில் ஸ்டீல், முட்டைக்காகக் கோழி வளர்த்தவர். 1923இல் 50 குஞ்சு கேட்டார், 500 வந்து இறங்கியது. அவர் திருப்பி அனுப்பவில்லை. 18 வாரத்தில் மிஞ்சியவை 387. ஏறக்குறைய 2 பவுண்டு எடையில், பவுண்டுக்கு 62 சென்ட் என்று பிராய்லர்களாக விற்றார். 1926இல் அவரிடம் 10,000 கோழிக்கு இடம் இருந்தது. அதே காலத்தில்தான் வைட்டமின் டி கண்டுபிடிக்கப்பட்டது. தீனியில் மீன் எண்ணெய் சேர்த்தால் வெயிலே படாமல் கொட்டகைக்குள் வளரும் கோழிக்கும் கால் வளையாது என்று தெரிந்தது. வசந்தத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனது. ஸ்டீலின் பழைய கொட்டகை ஒன்றை அமெரிக்க வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். கோழிக்கொட்டகைக்கும் கல்வெட்டு வைக்கிற நாடு.

அடுத்தது 'நாளைய கோழி' போட்டி. ஏ அண்ட் பி என்ற மளிகைக்கடைச் சங்கிலியின் ஆதரவில் நடந்தது. நடுவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க லட்சியக் கோழியை மெழுகிலேயே செய்து வைத்திருந்தார்கள். 1948 இறுதிச் சுற்றில் ஜெயித்தது கலிஃபோர்னியாக்காரர் சார்ல்ஸ் வான்ட்ரெஸின் கலப்பினம். நெஞ்சுச் சதைக்காக அவர் சேர்த்தது கார்னிஷ் என்ற இனம். நான் நின்று படித்த இடம் இதுதான். கார்னிஷுக்குப் பழைய பெயர் 'இந்தியன் கேம்'. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வாலில், இந்தியாவிலிருந்து போன அசில் சண்டைச் சேவலையும், நம் தீபகற்பத்தின் பெயரையே கொண்ட மலாய்ச் சேவலையும், ஆங்கிலச் சண்டைச் சேவலோடு கலந்து உருவாக்கியது. சண்டைக்கு நல்ல சேவல் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது சண்டைக்கு லாயக்கில்லாத, நெஞ்சு அகன்ற கறிக்கோழி. இங்கிருந்து போன ரத்தம் கார்ன்வால், கலிஃபோர்னியா என்று சுற்றிவிட்டு, 1960களுக்குப் பிறகு வளர்ந்த நம் பண்ணைகளுக்குப் பிராய்லராகத் திரும்பி வந்திருக்கிறது. இங்கே வளரும் கோப் 500 இனத்தை விற்கிற நிறுவனத்தின் பெயர் கோப்-வான்ட்ரெஸ். பெயரின் பின்பாதி அந்தப் போட்டிக்காரருடையது.

கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 1957, 1978, 2005 என மூன்று காலத்துக் கோழி வகைகளை ஒரே தீனி போட்டு வளர்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் சராசரி எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீனி அதே தீனி. இந்த எண்களை அடுப்புப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். இன்றைய பிராய்லர் பிராய்லருக்கு ஆகாது. 2 கிலோ கோழியை முழுசாக அந்தக் கம்பிக்கு அடியில் வைத்தால் நெஞ்சு கருகும், தொடை எலும்போரம் ரத்தம் நிற்கும். அடுப்புக்காகப் பிறந்த கோழி அடுப்பைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இளசாக இருக்கவேண்டும் என்ற பாதியை மட்டும் வைத்துக்கொண்டது.

வேலை நிமித்தமாக ஒருமுறை மூடிய பண்ணைக்குள் போயிருக்கிறேன். ஒரு முனையில் ஈர அட்டைத் தடுப்பு, மறுமுனையில் ஆள் உயரத்துக்கும் மேலான விசிறிகள். கோழிக்கு வியர்க்காது, அதனால் காற்றை இழுத்து ஓடவிட்டுத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கவேண்டும். மின்சாரம் நின்று ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்றார் பண்ணைக்காரர். சாதாரணமாகச் சொன்னார். 35 நாள் வயசுக் கோழிகள், முழு உடம்பு, குரல் மட்டும் இன்னும் கீச்சுக் கீச்சு என்று குஞ்சுக் குரல்.

இதைச் சொல்லிவிட்டு, 'கம்பத்துக் கோழிதான் கோழி' என்று முடிப்பது சுலபம். எனக்கு மனசு வரவில்லை. தோட்டத்து லயத்தில் பாட்டி காலத்தில் கோழி அறுப்பது தீபாவளிக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்போதும்தான். முட்டை நின்ற கோழியாகப் பார்த்து அறுப்பார்களாம். மத்தியானச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே விறகு வைக்கவேண்டும். அந்த நேரத்தில்தான் மிளகும் மல்லியும் எலும்புவரை இறங்கும். அதே மசாலாவை அம்மா இன்று பிராய்லரில் போடுகிறார். கறி அரை மணியில் வெந்து இழை இழையாகப் பிரிகிறது. 'குழம்பு தனியா நிக்குது, கறி தனியா நிக்குதுடா' என்பார். ஆனால் எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் கோழி. மூன்று பிள்ளைகளை அந்தக் கறிதான் வளர்த்தது.

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். மாதம் 36 லட்சம் கோழிவரை போய்க்கொண்டிருந்த சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைகள் கலங்கின. இங்கே ஜூலையில் உச்சவரம்பு விலை கிலோவுக்கு 9 ரிங்கிட் 40 சென்ட் ஆனது. ஏற்றுமதியைத் திரும்பத் திறந்தபோது முதலில், ஜூன் நடுவிலேயே, கம்பத்துக் கோழியையும் கருங்கோழியையும் அனுப்பலாம் என்றார்கள். பிராய்லருக்கு அக்டோபர் 11 வரை அனுமதி கிடைக்கவில்லை.