இனிஷியல் மாறிய கரடி



"அறிவியல் அடிக்கடி மாற்றிச் சொல்கிறதே சார், எதை நம்புவது?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ஒரு கரடியின் கதையைச் சொல்கிறேன்.

நம் நடுவட்டத்துச் சின்கோனாவை அறிவீர்கள். 1860களில் அது இங்கே வருவதற்கு முன்பே, இந்தியாவில் சின்கோனா வளர்க்கலாம் என்று அரசுக்கு எழுதியவர்களில் ஒருவர் ஹக் பால்கனர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். இளமையில் சகாரன்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாளராக இருந்தார். அப்போது, இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில், கால்வாய்ப் பொறியாளர் புரோபி காட்லியோடு சேர்ந்து புதைபடிவங்களைத் தேடினார்.

1836இல் இருவரும் ஒரு விலங்கை விவரித்து 'அர்சஸ் சிவாலென்சிஸ்', அதாவது சிவாலிக் கரடி, என்று பெயரிட்டார்கள். ஆனால் பல் ஒத்துவரவில்லை. சாதாரணக் கரடிக்குக் கடைவாய்ப் பற்கள் நீண்டு, அரைக்க வசதியாக இருக்கும். இதற்கோ அவை குட்டையாகச் சதுரமாக இருந்தன. இறைச்சியைக் கத்தரிக்கும் பல் பெரிதாக இருந்தது. உண்ணும் உணவு பல்லில் தெரியும். நம் தேயிலைத் தோட்டங்களில் திரியும் கரடிக்கு மேல்வரிசை முன்பற்களில் நடு இரண்டு கிடையாது. கறையானை உறிஞ்ச அந்த இடைவெளி உதவுகிறது.

ஆகவே இருவரும் அதைத் தனிப் பேரினமாக்கி 'ஹயனார்க்டோஸ்', கழுதைப்புலிக் கரடி, என்றார்கள். 1845இல் அது அச்சில் வந்தது. ஆனால் முனிச் நகரத்து ஆண்ட்ரியாஸ் வாக்னர் 1837லேயே 'அக்ரியோதீரியம்', காட்டு விலங்கு, என்று பெயர் வைத்துவிட்டார். முந்திய பெயருக்கே உரிமை என்பது விலங்கியல் விதி. தேடி எடுத்தவர்கள் வைத்த பெயர் தோற்றது.

1913இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கை பில்கிரிம் 'இண்டார்க்டோஸ்' என்ற நெருங்கிய பேரினத்தை அமைத்தார். ஹயனார்க்டோஸ் என்று எழுதப்பட்டிருந்த சில எலும்புகள் பின்னர் அதற்குள் போயின. இன்று கரடியே இல்லாத தென்னாப்பிரிக்காவிலும் அக்ரியோதீரியம் கிடைத்தது. இது பாண்டாவின் கிளைக்கு நெருக்கமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

இத்தனைக்கும் பிறகு, இது கரடிக் குடும்பம் என்ற முதல் கணிப்பு அப்படியே நிற்கிறது. சிவாலிக் என்ற ஊர்ப்பெயரும் நிற்கிறது. மாறியது இனிஷியல்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பல்லோ, ஒரு தேதியோ, ஒரு புது எலும்போ சாட்சி.

மாற்றிச் சொல்பவரிடம் கோபப்படாதீர்கள். சாட்சி என்ன என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கும் அதையே பழக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், நடுவட்டம்