செங்கோட்டை வேறு நாடாக இருந்த காலம்



"இரு நாடுகளின் நிலத்தை ஒப்பிடுக" என்று உங்களிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள செங்கோட்டையே ஒரு காலத்தில் வேறு நாடுதான். திருவிதாங்கூர் ராஜ்ஜியம். எங்கள் அப்பா சிறுவயதில் அங்கே சந்தைக்குப் போனால் கையில் சக்கரக் காசு வேண்டும்.

1956 நவம்பர் 1-இல் அந்தத் தாலுகாவைப் பிரித்தார்கள். செங்கோட்டை வயல்கள் நமக்கு வந்தன. ஆரியங்காவு மலைக்காடு கேரளத்தோடு நின்றுவிட்டது. அது எனக்கு இன்றும் ஆறாத குறை.

தமிழ்நாடு 1,30,060 சதுர கி.மீ., கேரளம் 38,863. நாம் மூன்று மடங்குக்கும் மேல் பெரியவர்கள். ஆனால் அங்கே பாதிக்கு மேல் மரப்போர்வை (ரப்பர் தோட்டமும் அந்தக் கணக்கில் உண்டு!), இங்கே ஐந்தில் ஒரு பங்குதான்.

புனலூர் ரயிலில் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்காருங்கள். பகவதிபுரம் வரை வயல். குகை தாண்டினால் காடு.