அவதானமும் கண்ணும்

நம் பாகூரில் 9-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில் அதற்கு மூன்று சிற்றூர்கள் வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. கேட்டதைச் சிந்தையில் இருத்துவதே கல்வியாயிருந்த நாட்களில் சிதறாத கவனமே மாணவனின் முதற்கருவி. அக்கருவியை வியத்தகு கூர்மைக்குத் தீட்டியது அவதானக் கலை.

1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். அவதானி தம் முதுகில் விழும் கற்களை எண்ண வேண்டும். மணியோசையையும் எண்ண வேண்டும். இடையே, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாவும் பாட வேண்டும்! நூறும் ஒரே கணத்தில் நிகழ்வன என்று நான் கருதவில்லை. மனம் ஒன்றைவிட்டு மற்றொன்றுக்குத் தாவி, விட்ட இடத்துக்கே தவறாமல் மீள்கிறது.

கண் அசையாமலும் கவனம் இவ்வாறு தாவுமா? தாவும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருட்பெட்டிக்குள் ஓர் ஒளிப்புள்ளியில் பார்வையை ஊன்றினார். கவனத்தை வேறொரு மூலைக்குச் செலுத்தினார். மின்பொறி பளிச்சிட்டதும் அம்மூலையின் எழுத்துகளே அவருக்குப் புலப்பட்டன. 1870-களில் ஃபெரியர் என்பார் குரங்கின் முன்மூளையில் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டக் கண்கள் எதிர்ப்புறம் திரும்பின. அவ்விடத்தை மிக மெல்லத் தூண்டினால் கண் அசையாமலே கவனம் கூர்மை பெறுகிறது என்பதை 2001-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

வில்லியனூர்த் தேரோட்டத்தில் பக்கத்தே வாணம் ஒன்று சீறினால் கண்ணை அங்கே இழுப்பது நடுமூளை; அவ்விழுப்பை அடக்கித் தேரையே நோக்க வைப்பது முன்மூளை.