பட்டியலில் முதலிடம், கோப்பை யாருக்கு?

2019 மார்ச் 9, சனிக்கிழமை சாயங்காலம். கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். சென்னை சிட்டி அணிக்கு 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. பேரில்தான் சென்னை, சொந்த மைதானம் நம்ம கோவை. எதிரே மினர்வா பஞ்சாப். முந்தைய வருஷ சாம்பியன் என்றாலும் அந்த சீசனில் பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்த அணி. ஜெயித்தால் கோப்பை. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

கேலரியில் பக்கத்து சீட்டில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். பேச்சுவாக்கில் நான் சாஃப்ட்வேர் வேலை என்று தெரிந்ததும், "தம்பி, கம்ப்யூட்டர்ல கணக்கெல்லாம் போடுவீங்கள்ல, இன்னிக்கு யாருங்க ஜெயிப்பாங்க?" என்றார். வீட்டில் உண்மையிலேயே ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். "மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு நமக்குங்க" என்றேன்.

"அதென்னங்க மூணுல ரெண்டு? ஜெயிப்பாங்களா, மாட்டாங்களா?"

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கியிருந்து எழுந்து 2-1 என்று ஜெயித்ததும் வீணாகப் போனது. 43க்கு 42, ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கோவையில் தங்கியது. பக்கத்து சீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்க சொன்னாப்லயே ஆயிப்போச்சுங்க தம்பி" என்றார்.

நான் சொன்னது அதுவா? தோற்றிருந்தாலும் மூணுல ஒண்ணு என்று நான் விட்டுவைத்த இடத்தில்தானே அது வந்திருக்கும்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஐ-லீக் அந்த வருஷம் சுத்தமான லீக். 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டம், அதிகப் புள்ளிக்குக் கோப்பை, அவ்வளவுதான். 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். வேறு மாதிரி. 2024-25 வரை லீக் முடிந்ததும் மேலே இருந்த அணிகள் பிளே-ஆஃப் ஆட வேண்டியிருந்தது. கோப்பை அந்த ஆட்டங்களில்தான் தீர்மானமானது. கணிப்பவனுக்கு இது நல்ல சோதனைக்களம். சீசன் முழுக்க ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் கையில் இருக்கின்றன. அதை வைத்து அடுத்த இரண்டு மோதல்களைச் சொல்ல முடியுமா?

எளிமையான கணிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'பட்டியலில் முதலிடம் பிடித்த அணிதான் கோப்பையை வெல்லும்.' 2014 முதல் 2024-25 வரை 11 சீசன். இந்தக் கணிப்பு பலித்தது மூன்றே முறை. 2018-19-ல் பெங்களூரு, 2020-21-ல் மும்பை சிட்டி, 2024-25-ல் மோகன் பகான். மற்ற எட்டில் நான்கு முறை இரண்டாமிடம், மூன்று முறை மூன்றாமிடம், ஒரு முறை (2016, கொல்கத்தா அணி) நான்காமிடம் பிடித்த அணி கோப்பையைத் தூக்கிப் போயிற்று.

சென்னையின் எஃப்.சி. இந்த விளையாட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்த அணி. 2014-ல் பட்டியலில் முதலிடம், ஆனால் அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் முதல் ஆட்டத்தில் 0-3. சென்னையில் மூன்று கோலையும் திருப்பிப் போட்டு, கூடுதல் நேரத்தில் ஒன்று வாங்கி வெளியேறினார்கள். அடுத்த வருஷம் நேர்தலைகீழ். பத்து ஆட்டம் முடிந்தபோது கடைசி இடத்தில் இருந்தவர்கள், மீதி நான்கையும் ஜெயித்து மூன்றாவதாக உள்ளே நுழைந்தார்கள். அது 2015 டிசம்பர், சென்னை வெள்ளம். சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள், அதையும் 3-0 என்று ஜெயித்தார்கள். இறுதிப் போட்டி கோவாவில், முதலிடம் பிடித்த எஃப்.சி. கோவாவுக்கு எதிராக. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. எந்த மாடலாக இருந்தாலும் அந்த நிமிடத்தில் கோவாவுக்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கொடுத்திருக்கும். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் சுயகோல், இன்னும் இரண்டு நிமிடத்தில் மெண்டோசா. 3-2, கோப்பை சென்னைக்கு.

2018-ல் பெங்களூரு 40 புள்ளி, சென்னையின் 32. எட்டுப் புள்ளி வித்தியாசம் என்பது 18 ஆட்ட லீகில் சின்ன விஷயம் இல்லை. இறுதிப் போட்டியும் பெங்களூருவின் கண்டீரவா மைதானத்திலேயே. சேத்ரி ஒன்பதாவது நிமிடத்தில் கோல் அடித்தார். அப்புறம் மெய்ல்சன் ஆல்வெஸ் என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு முறை தலையால் முட்டினார், மறுபடியும் 3-2.

"கால்பந்துல எதுவும் நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எவ்வளவு 'எதுவும்' என்று கணக்குப் போட முடியும். இதற்கான கருவி பழையது. பிரெஞ்சுக் கணிதர் புவாஸோன் 1837-ல் எழுதிய சூத்திரம். எப்போதாவது நடக்கும் சம்பவங்கள் எத்தனை முறை நடக்கும் என்பதற்கானது. 1898-ல் போர்ட்கேவிச் என்பவர் அதைப் பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்துச் செத்தவர்களின் எண்ணிக்கைக்குப் பொருத்திக் காட்டினார். கோலும் அப்படித்தானே, தொண்ணூறு நிமிடத்தில் எப்போதாவது விழுவது. 1982-ல் மைக்கேல் மாஹர் ஒவ்வொரு அணிக்கும் தாக்குதல் பலம், தடுப்பு பலம் என்று எண் கொடுத்து இதே சூத்திரத்தில் இங்கிலாந்து லீகைக் கணித்தார். 1997-ல் டிக்சனும் கோல்ஸும் 0-0, 1-1 மாதிரி குறைந்த கோல் ஆட்டங்களுக்கான பிழையைத் திருத்தினார்கள். இன்று நெட்டில் பார்க்கிற கால்பந்து சதவீதங்கள் நிறைய இந்த வம்சத்தில் வந்தவைதான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிய சின்ன புரோகிராமும் இதன் கொள்ளுப்பேரன்.

ஒரு உதாரணம். பலமான அணி சராசரியாக 1.6 கோல் போடும், எதிரணி 1.1 என்று வைப்போம். சராசரிப்படி பார்த்தால் நல்ல வித்தியாசம். சூத்திரத்தில் போட்டால் பலமான அணி ஜெயிக்க 49%, டிரா 25%, தோற்க 26%. பிளே-ஆஃபில் டிராவுக்கு இடமில்லை. பெனால்டியைப் பூவா தலையா என்று எடுத்தால் டிராவைச் சரிபாதியாகப் பிரிக்கலாம், 61% வரும். முதலிடக்காரர் கோப்பை தூக்க அரையிறுதி, இறுதி என்று இரண்டைத் தாண்ட வேண்டும். 61%-ஐ 61%-ஆல் பெருக்கினால் சுமார் 37%. அதாவது, மைதானத்தில் தெளிவாகப் பலமான அணி என்றாலும் கோப்பை கைக்கு வராமல் போகத்தான் அதிக வாய்ப்பு.

நிஜத்தில் நடந்தது அதைவிடக் குறைவு. முதலிட அணிகள் 11 அரையிறுதியில் 6-ஐத் தாண்டின. அந்த 6 இறுதியில் 3-ஐ ஜெயித்தன. ஆக 17 மோதலில் 9. நான்கு அணிக்கும் சம வாய்ப்பு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தாலே 11 சீசனில் சராசரியாக 2.75 கோப்பை வந்திருக்கும். வந்தது 3. இதை முதலில் பார்த்தபோது, ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப் வெறும் குலுக்கல் என்று ஒரு பதிவே எழுதி வைத்துவிட்டேன்.

நல்லவேளை வெளியிடவில்லை. மறுநாள் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். உண்மையான வாய்ப்பு அந்த 37%-தான் என்றே வைத்துக்கொண்டால், 11 சீசனில் மூன்று அல்லது அதற்கும் குறைவான கோப்பை வர எவ்வளவு சாத்தியம்? சுமார் 36%. மூன்றில் ஒரு தடவைக்கு மேல் இப்படித்தான் தெரியும். குலுக்கலா, பலமா என்று பிரித்துச் சொல்ல 11 சீசன் போதாது. ஒரு மோதலுக்கு 70% என்ற அளவு பலம் இருந்திருந்தால் மட்டும் இந்த முடிவு வர 13%தான். அதை நம்புவது கொஞ்சம் கஷ்டம். இதற்கு மேல் அந்த 11 எண்களிலிருந்து எதையும் கறக்க முடியாது.

கணித்தவன் சரியா தப்பா என்பதற்கு அளவுகோல் விளையாட்டிலிருந்து வரவில்லை, வானிலையிலிருந்து வந்தது. 1950-ல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலைக்காரர் ஒரு மதிப்பெண் முறை சொன்னார். நீ சொன்ன சதவீதத்துக்கும் நடந்ததுக்கும் (நடந்தால் 1, இல்லாவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திச் சராசரி எடு. எப்போதும் 50% என்று சொல்பவனுக்கு 0.25 கிடைக்கும். அதைவிடக் குறைத்தால் உனக்கு ஏதோ தெரிகிறது என்று அர்த்தம். என் நேரு ஸ்டேடிய 'மூணுல ரெண்டு' 0.11 வாங்கும். தோற்றிருந்தால் 0.44. ஒரே ஆட்டத்தில் இந்த எண்ணுக்கு மதிப்பில்லை, நூறு ஆட்டம் சேர வேண்டும். நம்மூர் வேளாண் பல்கலைக்கழகம் தரும் மழை முன்னறிவிப்பைப் பார்த்து விதைக்கிற விவசாயிக்கும் இதே சிக்கல்தான்: அவருக்கு வருஷத்துக்கு ஒரு பருவம்தான் கிடைக்கிறது.

முதலிட அணிகளின் மனக்குறை ஐ.எஸ்.எல். நடத்துபவர்களுக்கும் எட்டியிருக்க வேண்டும். 2019-20-லிருந்து பட்டியலில் முதல்வருக்கு லீக் ஷீல்டு என்று தனிப் பரிசு வந்தது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் இடமும் அவர்களுக்கே. முதல் ஷீல்டு எஃப்.சி. கோவாவுக்கு. அவர்கள் அந்த வருஷம் அரையிறுதியில் சென்னையினிடம் மொத்தம் 5-6 என்று தோற்றவர்கள். ஆனாலும் ஆசியாவுக்குப் போனது அவர்கள்தான். இது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இறுதிப் போட்டியின் கூட்டமும் சத்தமும் ஷீல்டுக்கு வராது.

நம்ம கோவை கதைக்கு இன்னொரு பாதி உண்டு. ஐ-லீகை வென்றதால் சென்னை சிட்டிக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் இடம் கிடைத்தது. 20 ஆட்டம் ஆடிச் சம்பாதித்த இடம், ஆனால் அங்கே ஒவ்வொரு சுற்றும் ஒரே நாக்-அவுட் ஆட்டம். 2020 ஜனவரி, பஹ்ரைனின் அல் ரிஃபா அணி. அது நேரு ஸ்டேடியத்தில் நடக்கவில்லை, அகமதாபாதில் நடந்தது. 0-1. அந்த ஆட்டத்துக்கும் கணக்குப் போடத்தான் உட்கார்ந்தேன். பஹ்ரைன் லீகையும் ஐ-லீகையும் ஒரே தராசில் வைக்க எனக்கு வழி தெரியவில்லை, மூடிவைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தேன்.