ஒரு அன்ரெனாவை எத்தனை பேர் பங்கு போடலாம்?

கடல் தாண்டி வந்த தூரதர்ஷனைப் பிடிக்க உயரமான பைப்பில அன்ரெனா கட்டின கதைகளைக் கேட்டு வளர்ந்த ஆக்கள் நாங்கள். அப்பிடிப் பிடிச்ச சிக்னலை இரண்டு ரீவிக்குப் பிரிச்சால் ஒவ்வொன்றுக்கும் பாதிச் சக்திதான் போகும். படம் முழுக்கப் புள்ளி விழும். பூஸ்டர் போடலாம்தான். ஆனால் அதுக்குப் படம் எது, இரைச்சல் எது எண்டு தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பெருக்கும். அதனால சிக்னல் வயரில தேய முதலே, அன்ரெனாவுக்குக் கிட்டப் பூஸ்டரைப் போட்டுவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

இந்தச் சின்ன வீட்டு வேலையில் இருந்துதான் கேபிள் ரீவி எண்ட பெரிய வியாபாரமே பிறந்தது.

1948. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் அஸ்ரோரியா எண்டொரு கரையோர ஊர். அங்க வானொலி நிலையம் நடத்தின எட் பார்சன்ஸின் மனைவி கிரேசுக்கு ரீவி பார்க்க ஆசை. கிட்டடியில நிலையம் ஒண்டும் இல்லை. அந்த நவம்பரில், ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தள்ளி, சியாட்டிலில் ஒரு நிலையம் தொடங்கியது. பார்சன்ஸ் ஊரெல்லாம் தேடி, வீட்டுக்கு எதிரே இருந்த ஹொட்டல் கூரையில சிக்னல் கிடைக்குதெண்டு கண்டுபிடிச்சார். அங்க அன்ரெனா கட்டி வீட்டுக்கு வயர் இழுத்தார். படம் வந்தது, பின்னாலேயே சனமும் வந்தது. வீடு கொள்ளவில்லை. ஹொட்டல் வரவேற்பறைக்கு ஒரு வயர், ஒரு இசைக் கடைக்கு இன்னொரு வயர், பிறகு அயலுக்கும். தூரம் கூடக் கூட இடையிடையே பூஸ்டர்.

பென்சில்வேனியாவின் மலை ஊர்களிலயும் அதே காலத்தில் இதுதான் நடந்தது. ஆர் முதல் ஆள் எண்டதில இண்டைக்கும் ஒரு முடிவில்லை. 1948 முதல் 1952 வரை அமெரிக்க அரசு புதிய நிலையங்களுக்கு அனுமதி குடுக்கிறதை நிறுத்தி வைத்திருந்ததும் இந்த வயர்களுக்கு வாய்ப்பாப் போச்சு.

பிறகு வழக்கு வந்தது. மேற்கு வேர்ஜீனியாவில் கேபிள் நடத்தின ஃபோர்ட்நைட்லி நிறுவனம் தன்னுடைய படங்களைக் காசில்லாமல் காட்டுது எண்டது யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேபிள்காரரின் பக்கம் நின்றது: வீட்டுக்காரரின் அன்ரெனா செய்யிறதைத்தான் கேபிளும் செய்யுது, அது ஒளிபரப்பு இல்லை. 1976இல் வந்த பதிப்புரிமைச் சட்டம் இதை மாத்தி, கேபிள்காரர் உரிமைக் கட்டணம் கட்ட வேண்டும் எண்டது.

எங்களுக்கு இந்த இரண்டும் நியாயமாத்தான் படுது. படம் எடுத்தவருக்குக் கூலி வேணும். ஆனால் நிலையமே எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு ரீவியைக் கொண்டுபோனது, அயலுக்கு வயர் இழுத்த ஆக்கள்தான். வீடு எங்க முடியுது, வியாபாரம் எங்க தொடங்குது எண்டு வயருக்குத் தெரியாது. அந்தக் கோட்டை மனிசர்தான் போட்டவை. ஒரு பாஸ்வேர்ட்டில நாலு வீடு படம் பார்க்கிற இந்தக் காலத்தில, அதே கோட்டைத்தான் திரும்பவும் கீறிக்கொண்டிருக்கினம். இந்த முறை கீறுறது பெரிய கம்பனிகள். ஊர்ப்பக்கம் நிண்டு கதைக்க ஆரும் இருக்கினமோ?